பேச்சுத் துணைக்கு ஒரு ஆள்

முன்னாடியே உக்காருங்க தம்பி. பின்னாடி வேண்டாம். பின்னாடி உக்காந்தா நீங்க மொதலாளி, நான் டிரைவர்னு ஆயிரும், அப்புறம் எப்படிப் பேசறது? பையைப் பின் சீட்டுல போட்டுருங்க. பெல்ட்டை மாட்டுங்க. நல்லா இழுத்து, டிக்குனு சத்தம் வரோணும். ஆ, அவ்வளவுதான்.

சேலந்தானுங்களே? நான் சங்ககிரி வரைக்கும் போறேன். கோர்ட்டுல ஒரு சோலி. அங்க எறக்கி உட்டுட்டா சேலத்துக்குப் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. அட, காசையெல்லாம் ஜோப்புலயே வையுங்க. டோல்கேட்டுல பஸ் பஞ்சராகி நிக்கற ஆளுகிட்ட காசு வாங்கிப் பொழைக்கற நெலமை எனக்கு வரல. ஒண்ணே ஒண்ணு, பேசிட்டே வரணும். அதுதான் டிக்கெட்டு. தனியா ஓட்டுனா எனக்கு ஆகாதுங்க, சலிப்புத் தட்டிரும். அவிநாசில இருந்து தனியாத்தான் வந்தேன், எப்படி வந்தேன்னே தெரியல.

அந்த டப்பாவைத் தொறங்க. வறுத்த பட்டாணி. நீங்களும் எடுத்துக்குங்க, எனக்கும் அப்பப்ப நாலு கையில போடுங்க. வண்டி ஓட்டறப்ப மெல்லறதுக்கு எதாச்சும் இருந்தா நல்லாருக்கும். எங்கூட்டுக்காரி பழக்கி உட்டது.

வாத்தியாருங்களா நீங்க? கணக்கா, தமிழா? தமிழு! ரொம்பச் சந்தோசம். என் பேரு தெய்வசிகாமணி. திருப்பூர்ல காலர் போட்டுட்டிருந்தேன். பனியன் கம்பெனின்னா எல்லாருக்கும் தெரியும், காலர்னா முழிப்பாங்க. இந்த டீ-சர்ட்டுக்குக் கழுத்துல ஒரு பட்டை வருதில்லீங்க, அதை மட்டும் தனியாப் பின்னிக் குடுக்கறது. ஒடம்பு ஒருத்தன் தைப்பான், கை ஒருத்தன் தைப்பான், கழுத்து நம்மளது. ஊர் ஒலகத்துக் கழுத்தையெல்லாம் அளந்தவன் நான். இப்ப மெசினையெல்லாம் வித்துட்டு ஷேர்ல இருக்கேன். மூஞ்சியச் சுளிக்காதீங்க, சூதாட்டமில்லை. ஒண்ணை வாங்கி வெச்சா வருசக்கணக்குல தொடமாட்டேன்.

உங்களுக்குக் கொறட்டை உண்டுங்களா?

சிரிக்காதீங்க, கேட்டதுக்குச் சொல்லுங்க. தெரியலீங்களா? அப்ப வூட்டுல கேளுங்க. கொறட்டை உடறவனுக்குத் தான் உடறது தெரியாது. அதுதான் இந்தச் சீக்கோட சூட்சுமம். நாம வெறும் சத்தம்னு நெனச்சுட்டிருக்கோம். இல்லீங்க. தூங்கறப்ப தொண்டைக்குள்ள சதை தளர்ந்து மூச்சை அடைச்சுக்கும். கொர்ர்னு வந்துட்டிருந்தது பட்டுனு நின்னுரும். மூச்சே இருக்காது. பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஆளு போயிட்டானோன்னு இருக்கும். அப்புறம் மூளை பயந்து எழுப்பி உடும், ஒரு திணறு திணறி மறுக்கா கொர்ர்னு ஆரம்பிக்கும். ராத்திரி பூரா இதே கூத்து. காலைல கேட்டா நல்லாத் தூங்குனேம்பான். தூங்கவே இல்லீங்க அவன். அதனால பகல்ல உக்காந்த எடத்துல சொக்குவான். சிடுசிடும்பான். பிரசர் ஏறும், நெஞ்சு கெடும். ஸ்லீப் ஆப்னியான்னு பேரு. இதுக்கு ஒரு மெசின் இருக்குது. தலைமாட்டுல வெச்சுக்கணும், அதுல இருந்து ஒரு கொழாய், மூக்குமேல ஒரு மாஸ்க்கு. காத்தை அழுத்தி உள்ள அனுப்பித் தொண்டையைத் தொறந்தே வெச்சிருக்கும். அவ்வளவுதான் வைத்தியம்.

இதெல்லாம் கோயமுத்தூர்ல ஒரு டாக்டரு சொன்னது. எங்கூட்டுக்காரிதான் கூட்டிட்டுப் போனா. அம்சவேணின்னு பேரு. எனக்கு அப்பத்தான் மத்தியானத்துல கொஞ்சம் அசதி. வயசானா வராதுங்களா? பேக்கரில கூட்டாளிககூட உக்காந்திருப்பேன், டீ கையில இருக்கறப்பவே கண்ணு சொருகும். ஒருக்கா ஒரு எழவு வூட்டுல, பந்தல்ல நாற்காலி போட்டு உக்காந்தவன் அப்படியே தூங்கிக் கொறட்டை உட்டுட்டனாம். அழுதுட்டிருந்தவங்களே அழுகையை நிறுத்திட்டுச் சிரிச்சாங்களாம். மானம் போச்சுன்னு அடுத்த வாரமே இழுத்துட்டுப் போயிட்டா. அந்த டாக்டரு ஒரு டேப்பை எடுத்து என் கழுத்தைச் சுத்தி அளந்தாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏனுங்க, கழுத்தளக்கறது எங்க தொழிலாச்சேன்னேன். அவரு சிரிக்கல. கழுத்து பெருத்தவங்களுக்கு இது எச்சா வருமுங்க, நம்மூர்ல எத்தனையோ பேருக்கு இருக்குது, முக்காவாசிப் பேருக்குத் தெரியவே தெரியாதுன்னாரு.

எனக்குப் பளிச்சுன்னுது தம்பி. நான் காலர்காரன். தொழில் தொடங்குனப்ப லார்ஜுக்குப் போட்ட அளவு, மெசினை விக்கறப்ப மீடியத்துக்கு வந்துட்டிருந்துச்சு. ஒலகத்துக் கழுத்தெல்லாம் பெருத்துட்டு வருதுன்னு எந்தப் பேப்பர்லயும் போடல, என் காலர் மெசினு சொல்லுச்சு. கழுத்து பெருத்தா சீக்கு. சீக்குக்கு மெசினு. எவன் மெசினு? டாக்டர்கிட்ட அதைத்தான் கேட்டேன், இதுல நல்ல கம்பெனி எதுங்கன்னு. பாவம், மனுசன் நான் மெசின் வாங்கப் போறேன்னு நெனச்சு அக்கறையா எழுதிக் குடுத்தாரு. வாங்குனேன். மெசின் இல்லீங்க, பங்கு.

எந்தக் கம்பெனின்னு சொல்லமாட்டேன், நாளைக்கு எறங்குனா என்னையத் திட்டுவீங்க. வெளிநாட்டுல ஒண்ணு, இங்க அதை வித்துக்குடுக்கறவன் ஒண்ணு. ஆனா யாவாரத்தைச் சொல்றேன் கேளுங்க. எங்கூர்ல தறி வித்தவன் பணக்காரன் ஆகல, அந்தத் தறிக்கு வாரா வாரம் நூல் வித்தவன்தான் பங்களா கட்டுனான். இதுலயும் அதேதான். மெசின் ஒருக்காத்தான் விக்கும். மாஸ்க்கு தேயும், கொழாய் பழசாகும், வடிகட்டி மாத்தணும். மாட்டுனவன் உசுரோட இருக்கற வரைக்கும் வாங்கிட்டேதான் இருக்கணும். இப்படி ஒரு சரக்கு எங்கீங்க கெடைக்கும்?

பேக்கரில எல்லாருக்கும் சொன்னேன். என் கூட்டாளி ரங்கராசு, நூல் கடைக்காரன், என் பேச்சைக் கேட்டுப் பங்கும் வாங்குனான், கூடவே மெசினையும் வாங்கி மாட்டிட்டான். பத்து வயசு கொறைஞ்ச மாதிரி இருக்கறான் இப்ப. பிரசர் மாத்திரைல பாதியை நிறுத்திட்டாங்களாம். என்னையப் பாக்கறப்பெல்லாம் கையெடுத்துக் கும்புடுவான், சிகாமணி, நீதான்டா எனக்கு உசுரு குடுத்தே, நீயும் மாட்டுடாம்பான். பைத்தியகாரன்.

நான் எதுக்குங்க மாட்டணும்? எனக்கு ஒரு கொள்கை உண்டு. நான் போட்ட காலரை நான் மாட்டுனதில்லை. எங்கூட்டுல யாரும் மாட்டுனதில்லை. மாட்டிப் பாத்தா அதுமேல ஆசை வந்துரும், ஆசை வந்தா வெலை பேசத் தெரியாது. சரக்கு வேற, ஒடம்பு வேற. அந்த மெசினை மாட்டி நல்லாத் தூங்கிட்டேன்னு வையுங்க, நாளைக்குக் கம்பெனி கெட்டுப்போனாலும் விக்க மனசு வராது. நன்றி வந்துரும். நன்றியோட ஷேர் யாவாரம் பண்ண முடியுங்களா?

பட்டாணி போடுங்க.

அதுவுமில்லாம எனக்கு அந்தச் சீக்கு இல்லீங்க. என் கழுத்து எலும்பு வாகு. அந்த டாக்டரு, உங்க வூட்டுக்கே ஒரு பொட்டி குடுத்தனுப்பறேன், விரல்ல ஒண்ணு நெஞ்சுல ஒண்ணு மாட்டிட்டு ஒரு ராத்திரி தூங்குங்க, தெரிஞ்சுரும்னாரு. சோதனை பண்ணா இருக்குதுன்னுதானுங்க வரும்! மெசின் விக்கணுமில்ல? நான் பங்குதாரன், அவனுக யாவாரம் எனக்குத் தெரியாதா? அம்சவேணி அந்தப் பொட்டிக்குத் தேதி வாங்கிட்டு வருவா, நான் இன்னைக்கு ஆகாது, அஷ்டமி, நவமின்னு தாட்டி உட்டுருவேன். மறுக்கா போய் வாங்கிட்டு வருவா.

சீக்கு அவளுக்குத்தான் இருந்துச்சுங்க. தூக்கமில்லாத சீக்கு. எப்பக் கண்ணு முழிச்சுப் பாத்தாலும் கட்டில்ல உக்காந்துட்டு, என் மூக்குக்கிட்டக் கையை வெச்சுட்டிருப்பா. என்ன ரோதனைங்க அது? ஏன்டி பேய் மாதிரி உக்காந்திருக்கேன்னா, ஒண்ணுமில்லீங்க, கொசும்பா. சில நாளு என்னையப் பொரட்டி ஒருச்சாய்ச்சுப் படுக்கப் போட்டு, முதுகுக்குத் தலையணையை அண்டக் குடுத்துட்டு, தூங்காமலேயே விடிய வெச்சுருவா. கண்ணுக்குக் கீழ கருவட்டம் உழுந்து போச்சு. இதுக்கு ஒரு டாக்டரைப் பாருடின்னா, நீங்க அந்தப் பொட்டியை மாட்டுங்க, நான் தூங்கறேம்பா. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? பொம்பளைக அப்படித்தான், பேச்சை எங்கயோ கொண்டுபோய் முடிச்சுப் போடுவாங்க. நான் என்ன நெனச்சேன்னா, அந்தக் கம்பெனிக்காரன் இப்படித் தூக்கம் வராதவங்களுக்கும் ஒரு மெசினு செஞ்சா, அப்ப சந்தை ரெண்டு பங்கா

என்னங்க? ஏன் தோளைப் புடிச்சு உலுக்கறீங்க? கோட்டுமேலதான் போயிட்டிருக்கேன். இல்லீங்க, தூங்கல. யோசிச்சேன். யோசிக்கறப்பக் கண்ணை லேசா மூடுவேன், அது என் பழக்கம். பயந்துட்டீங்களா? வாத்தியாருன்னா பயந்தவங்கதான். பெருந்துறை போயிருச்சா? நான் கவனிக்கல.

எங்க உட்டேன்? ஆ, அம்சவேணி.

அவளை நீங்க பாக்கோணும் தம்பி. வூட்டுல பேசவே மாட்டா. கேட்ட கேள்விக்குப் பதில், அதோட சரி. ஒறம்பரைக வந்தாக்கூட அடுப்படில இருந்து சிரிச்சுட்டு நிப்பா. ஆனா கார்ல ஏறுனாப் போதும், எங்கிருந்துதான் வருமோ, வாய் ஓயாது. அந்தா ஆடு போகுது, யாருதுங்க அது? எனக்கெப்படித் தெரியும், யாரு ஆடுன்னு? நம்ம கல்யாணத்துக்கு எத்தனை பந்தி போட்டாங்க? எங்கப்பன் உங்களுக்கு மொதல்ல என்ன வாங்கிக் குடுத்தாரு? இப்படியே. அதை உட்டா பலகை. ரோட்டுல ஒரு பலகை உடமாட்டா. ஏனுங்க, அதுல என்ன எழுதீருக்குது? ஏனுங்க, இது என்ன ஊருன்னு போட்டிருக்குது? சிமெண்டு விளம்பரத்தைக்கூட முழுசாப் படிச்சுச் சொல்லணும். நடுவுல நாலு பட்டாணியை வாயில போட்டு உடுவா. நான் ரெண்டு வார்த்தைல நிறுத்துனா, அப்புறம்பா. தல வலிச்சுப் போயிருங்க. கூட்டாளிககிட்டச் சொல்லுவேன், எங்கூட்டுக்காரிக்கு வாய் இருக்கறது கார்ல மட்டுந்தான்னு. எல்லாரும் சிரிப்பாங்க.

அன்னைக்குத்தாங்க அவ பேசல.

போன ஐப்பசி. சேலத்துல அவ தங்கச்சி வூட்டுல விருந்து. காலைல பலகாரம் தின்னுட்டுக் கெளம்புனோம். அன்னைக்குன்னு பாத்து என்ன நியூஸு வருதுன்னா, ஒடம்பு எளைக்கறதுக்கு ஊசி போடறாங்கல்ல, அதைப் போட்டவங்களுக்குக் கொறட்டைச் சீக்கும் கொறையுதாம். போச்சா! எளைச்சா கழுத்து சிறுக்கும், கழுத்து சிறுத்தா மெசின் எதுக்கு? அடிச்சான் பாருங்க பங்கை. சரிஞ்சுட்டே போகுது. அவிநாசி தாண்டறதுக்குள்ள ரங்கராசு நாலு தடவை போன் பண்ணிட்டான், விக்கலாமா, வெச்சுக்கலாமான்னு. என் மூளை பூரா அதுலதான். இவ பக்கத்துல உக்காந்துட்டு, ஏனுங்க, அந்தப் பலகைல என்னங்க? ஏனுங்க, விருந்து முடிஞ்சு வந்ததும் அந்தப் பொட்டியை வாங்கிட்டு வந்துருட்டுங்களா? நாளைக்கு நல்ல நாளுங்க, அஷ்டமியும் இல்லை, நவமியும் இல்லைங்க, பாத்துட்டேன். ஏனுங்க, அந்தப் பலகை?

பவானி தாண்டறப்ப எனக்குக் கோவம் வந்துருச்சு. ஒரு நாளாச்சும் வாயை மூடிட்டு வரமாட்டியாடின்னு கத்திட்டேன். இனி சேலம் போய்ச் சேர்ற வரைக்கும் உன் சத்தம் கேட்டுச்சுன்னா எறக்கி உட்டுட்டுப் போயிருவேன்னு சொன்னேன். சொல்றதுதானுங்களே, எறக்கியா உட்டுருவேன்? புருசன் பொண்டாட்டிக்குள்ள நடக்காததா?

பட்டாணி டப்பாவை மூடி மடியில வெச்சுட்டா. சன்னல் பக்கமாத் திரும்பிட்டா. கொஞ்ச நேரம் பாத்தேன், அப்புறம் தலை சாஞ்சுருச்சு. தூங்கிட்டா. நான் அவ அப்படித் தூங்கிப் பாத்ததே இல்லீங்க. வாயை லேசாத் தொறந்துட்டு, கொழந்தை மாதிரி. வருசக்கணக்குத் தூக்கத்தையும் சேத்துத் தூங்கறா. சரி, தூங்கட்டும்னு பாட்டைக்கூட நிறுத்திட்டேன். எனக்கும் நிம்மதியா இருந்துச்சு. ஏசி ஜில்லுன்னு வருது. ரோடு நூல் புடிச்ச மாதிரி நேராப் போகுது. பங்கைப் பத்தி யோசிச்சுட்டே போனேன். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முன்னாடி லாரி நிக்குது.

அவ்வளவுதாங்க. இடது பக்கம் பூராவும் லாரிக்கு அடியில போயிருச்சு. அவ உக்காந்திருந்த பக்கம். எனக்கு விலா எலும்பும் கையும்தான். அவளுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னாங்க. தூக்கத்துலயே போயிட்டா. சாமி வந்த பொம்பளை மாதிரி தலையெல்லாம் வேப்பந்தழை ஒட்டியிருந்துச்சு. அதை ஒவ்வொண்ணா எடுத்துட்டே உக்காந்திருந்தேனாம், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும். மேல எங்காச்சும் மரம் இருந்திருக்கும்.

அந்த லாரிக்காரன் மேலதான் கேசு. சடையப்பன்னு நாமக்கல்லு பக்கத்து ஆளு. ஆக்ஸில் ஒடிஞ்சு ஓரமா நிறுத்தியிருக்கறான். ஓரமாங்கறது அவன் சொல்றது. பின்னாடி கல்லு வெச்சேன், பெரிய வேப்பங்கொப்பு ஒண்ணை ஒடிச்சுட்டு வந்து ரோட்டுல போட்டேங்கறான். உங்களுக்குத் தெரியுமே, வண்டி நின்னுபோனா ரோட்டுல கொப்பு ஒடிச்சுப் போடுவாங்க, தூரத்துல வர்றவன் பாத்து ஒதுங்கறதுக்கு. நான் பாக்கலீங்க. பட்டப்பகல்ல, அவ்வளவு பெரிய கொப்பு கெடந்தா எனக்குத் தெரியாதா? என் கண்ணு நல்லாத்தான் இருக்குது. நான் பாக்கலைன்னா இல்லைன்னுதானுங்களே அர்த்தம்? அதுலயும் அவன் ஒரு கதை சொல்றான் பாருங்க, பக்கத்துல மரமே இல்லை, காட்டுக்குள்ள ரொம்பத் தூரம் நடந்துபோய், ஒரு தோட்டத்துக்காரன்கிட்டக் கேட்டு ஒடிச்சு, தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தேங்கறான். கேக்கறவன் கேனையனா இருந்தா! ரோட்டோரத்துல ஒரு வேப்பமரம் இல்லாமயா போயிரும் நம்மூர்ல?

நல்லவன் மாதிரிதான் இருந்தான். என்னைய வெளிய இழுத்ததே அவன்தான். அவளையும் இழுக்கப் பாத்திருக்கறான், கையெல்லாம் கண்ணாடி கிழிச்சுருச்சாம். அவன் பொண்டாட்டி எங்கூட்டு வாசல்ல வந்து நின்னா. லைசன்ஸை வாங்கி வெச்சுட்டாங்க, வண்டி ஏற முடியல, ஜெயிலுக்குப் போயிட்டார்னா நாங்க என்னங்க பண்றது, கொப்பு கெடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க சாமின்னு அழுதா. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா பொய் சொல்லச் சொன்னா எப்படி? என் பொண்டாட்டிக்கு நான் நியாயம் வாங்கித் தரவேண்டாமா? இன்னைக்குத்தான் என் சாட்சி. கூண்டுல ஏறி, கல்லும் இல்லை கொப்பும் இல்லைன்னு சொல்லிட்டா முடிஞ்சுரும்னாரு வக்கீலு. விபத்துக்கப்புறம் இந்த ரோட்டுப் பக்கமே நான் வரல, இன்னைக்குத்தான் மொதல் தடவை.

எம் பொண்ணு சுகந்திதான் வரமாட்டேன்னுட்டா. அவளும் மாப்பிள்ளையும் என்கிட்டப் பேசறதே கொறைஞ்சு போச்சு. பேரனைப் பள்ளிக்கூடத்துல இருந்து நான் கூட்டிட்டு வர்றேன்னா, வேண்டாங்கப்பா, ஆட்டோல வந்துக்குவான்னு வெடுக்குனு சொல்றா. என் கார்ல அவனை ஏத்தவே உடறதில்லை. எல்லாம் அந்த மாப்பிள்ளை சொல்லிக் குடுக்கறது. அம்மா போனதுல இருந்து அவளுக்கு மனசு சரியில்லை. காரியத்தன்னைக்கு அந்த டாக்டருகிட்டப் போய் அந்தப் பொட்டியை வாங்கிட்டு வந்து என் முன்னால வெச்சா. எழவு வூட்டுல அதைக் கொண்டுவந்து வெக்கறாளே, இது என்ன பழக்கங்க? ரங்கராசுதான் எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு வந்தான்.

பங்கு என்னாச்சுன்னு கேக்கலையே நீங்க? ஏறிருச்சுங்க. ஊசி போட்டா எல்லாருக்குமா போயிருது? மெசினும் வேணும்னு ஆயிருச்சு. நான் விக்கல. பொறுமையா இருந்தேன். அம்சவேணி இருந்திருந்தா, பாத்தியா, சொன்னனில்லன்னு காட்டியிருப்பேன். யாருகிட்டங்க காட்டறது? ராத்திரில முழிப்பு வந்தா மூக்குக்கிட்டக் கையைத் தேடறேன். வெறும் இருட்டுதான் இருக்குது. அந்தக் கை இருந்தப்பப் பேயின்னேன், இப்ப அது இல்லாமப் படுக்கவே பயமா

அய்யோ! உடுங்க, ஸ்டியரிங்கை உடுங்க தம்பி! என்ன பண்றீங்க? பாலத்துமேல ஸ்டியரிங்கைப் புடிக்கறீங்களே, கீழ காவேரிங்க! அவன் எதுக்கு இப்ப ஆரன் அடிச்சுட்டுப் போறான்? நான் தூங்கலைன்னு சொல்றேன். துக்கத்தைச் சொன்னேன், கண்ணுல தண்ணி முட்டிருச்சு, மூடுனேன். அதுகூடத் தப்பா?

எறங்கறீங்களா? இங்கயா? இங்க என்ன சோலி உங்களுக்கு? பைபாஸ்ல பஸ்ஸு நிக்காது தம்பி, வெயில்ல காயணும். இன்னும் கொஞ்ச தூரந்தான். உங்களை எறக்கி உட்டுட்டா எனக்கு யாரு இருக்கறா பேச? அந்த எடத்தை நான் தனியாத் தாண்டோணும். உக்காருங்க. கெஞ்சிக் கேக்கறேன். அந்தப் பட்டாணியைப் போடுங்க. ரெண்டு பேரும் பேசிட்டே போயிரலாம்.

என்னங்க? பலகையா? எந்தப் பலகை? அதுங்களா? சங்ககிரி, சேலம்னு போட்டிருக்குது. பச்சைல கொட்டை எழுத்துல இருக்குதே. அதுங்களா? அது ஓட்டல் விளம்பரம். சைவ உணவகம், குளிர்சாதன வசதி உண்டு, குடும்பத்தாருக்குத் தனி அறை. அதுக்கப்புறமா? அதுல வேகம்னு எழுதி, கீழ என்னமோ அழிஞ்சு போயிருக்குது. வேகம் குறைக்கவும். இது, இரும்புக் கம்பிக் கம்பெனி. உறுதியின் மறுபெயர்னு ஒருத்தன் கையை மடக்கிட்டு நிக்கறான்.

இருங்க. இருங்க.

நீங்க தமிழ் வாத்தியாருதானுங்களே? வாத்தியாருக்குப் பலகை படிக்கத் தெரியாதா? அப்புறம் எதுக்கு என்னையக் கேக்கறீங்க?

நான் தூங்கிறக் கூடாதுன்னா?

நல்லாருக்குதுங்க நீங்க பேசறது. பாவம்னு வண்டில ஏத்துனா, ஏத்துனவனையே சொல்றீங்க. நான் எங்கீங்க தூங்குனேன்? அவ கேட்டது அதுக்கில்லீங்க. அவளோட சேத்து வெச்சுப் பேசாதீங்க. அவ வாயாடி. கார்ல ஏறுனாலே வாயாடி. வூட்டுல...

வூட்டுல பேசமாட்டா.

பத்தாங் கிளாஸ் படிச்சவ. பத்திரம் வந்தாலும், பேங்க்ல இருந்து தபால் வந்தாலும், அவதான் எனக்குப் படிச்சுச் சொல்லுவா. பலகை படிக்கத் தெரியாமயா கேட்டா?

தம்பி, மெதுவாப் போறேன் இப்ப. சரிங்களா? அந்தா அந்த மைல் கல்லு. அங்கதான். அதுக்கு அக்கட்டாலதான் லாரி நின்னுது. ரோட்டுல இன்னும் எண்ணெய்க் கறை இருக்குது பாருங்க.

அந்தப் பக்கம் பாருங்க. இந்தப் பக்கமும் பாருங்க. வாத்தியாரே, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஒரு மரமாச்சும் தெரியுதுங்களா உங்களுக்கு? வேப்பமரம். ஒண்ணே ஒண்ணு. வேண்டாம், எதாச்சும் ஒரு மரம். எனக்குப் பொட்டல்தான் தெரியுது. கண்ணுக்கெட்டின தூரத்துக்குச் சோளத்தட்டும் பொட்டலும்தான். அந்தக் கடைசில, கெணத்துக்கிட்ட, பச்சையா என்னமோ ஒண்ணு தெரியுது. அவ்வளவு தூரமா போனான் அந்தச் சடையப்பன்?

அவ தலையில வேப்பந்தழை இருந்துச்சுங்க. நாந்தான் எடுத்தேன்.

பட்டாணி போதும். வேண்டாம்.

ஏன் சும்மா வர்றீங்க? அடுத்த பலகை வருது பாருங்க. கேளுங்க. என்ன எழுதீருக்குதுன்னு கேளுங்க தம்பி. கோர்ட்டு வாசல் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. உள்ள போறப்பவும் கூட வாங்க, சேலம் எங்கயும் ஓடிப்போகாது. கேட்டுட்டே வாங்க.